அசைந்து நிற்கும் சரிவு

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கம் 6,400க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கோபேயையும் ஒசாகாவையும் இணைக்கும் ரயில் பாதைகளை ஒட்டிய கரைகளும் தடுப்புச் சுவர்களும் அன்று கடுமையாகச் சேதமடைந்தன. பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றிருந்த கனத்த கல் சுவர்களும் கான்கிரீட் சுவர்களும் சாய்ந்தன, உடைந்தன, சில அடியோடு கவிழ்ந்தன. சேதம் மிகுந்த அந்தப் பகுதியிலேயே, தனாட்டா என்ற இடத்தில், 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு சுவர் விழாமல் நின்றது. முன்பக்கம் கான்கிரீட் முகப்பு. பின்னால் அடுக்கடுக்காகப் பாலிமர் வலை விரித்து இறுக்கிய மண். அதன் உச்சி சுமார் 26 செ.மீ. வெளியே தள்ளியிருந்தது, அடிப்பகுதி சுமார் 10 செ.மீ. நகர்ந்திருந்தது. ஆனாலும் அதை இடிக்க வேண்டி வரவில்லை. இத்தனைக்கும், தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டு விசையாக வந்தால் தாங்க வேண்டும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். அன்று கோபே வானிலை நிலையத்தின் கருவி பதிவுசெய்த உச்ச முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு.

கணக்கைப்போல் நான்கு மடங்கு குலுங்கியும் அந்தச் சுவர் ஏன் விழவில்லை? மண் சரிவுகளின் பாதுகாப்பைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன ஒரு நினைப்பை இந்தக் கேள்வி அசைக்கிறது. எது அசையவே இல்லையோ அதுதான் உறுதியானது என்று நினைக்கிறோம். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மைகூட இல்லை. குலுங்கும் நிலத்தின் மேல் இருக்கும் எந்தச் சரிவும் அசையும். எவ்வளவு அசைந்தது, அசைந்த பிறகும் தன் வேலையைச் செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இப்படி வலை விரித்து வலுவூட்டிய மண்ணின் சிறப்பு, அளவோடு அசைந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறப்பு மண்ணுக்குள் வலையைப் புதைத்துவிட்டதாலேயே தானாக வந்துவிடாது. வலையின் நீளம், அடுக்குகளுக்கு இடையிலான இடைவெளி, மண்ணின் இறுக்கம், நீர் வடிவது ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதைத் தருகின்றன. இவற்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதைக் கோபேக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தைவான் காட்டியது.

மண்ணை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிரிந்துவிடும். சரிவு உடைவதற்கு மூல காரணம் இந்தப் பலவீனம்தான். அதற்கான பரிகாரமும் பழையது. பாக்தாத் அருகே அகர் குஃப் என்ற இடத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் மண்கல் வரிசைகளுக்கு நடுவே நாணல் பாய்களை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த உத்தியை நவீனப் பொறியியலாக மாற்றியவர் ஆன்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். மண்ணுக்குள் உலோகப் பட்டைகளைப் புதைக்கும் முறைக்கு 1963இல் அவர் காப்புரிமை பெற்றார். பிறகு, துருப்பிடிக்காத பாலிமர் வலைகள் பல கட்டுமானங்களில் உலோகத்தின் இடத்தைப் பிடித்தன. கட்டுமானத் தளங்களில் இதை ஜியோகிரிட் என்கிறார்கள். முகப்பு ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் சுவர் என்றும், 70 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்திருந்தால் சரிவு என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

தனாட்டாவில் பயன்படுத்திய முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதன் பலம் கட்டும் வரிசையிலேயே இருக்கிறது. முதலில் தரையில் வலையை விரிக்கிறார்கள். முகப்பு வரவேண்டிய விளிம்பில் சரளைக்கல் நிரப்பிய மூட்டைகளை வரிசையாக அடுக்கி, வலையின் முனையை மூட்டைகளின் மேல் சுற்றி மடக்கி உள்ளே விடுகிறார்கள். பின்னால் மண்ணைக் கொட்டி, உருளை ஓட்டி இறுக்குகிறார்கள். மண் 30 செ.மீ. உயர்ந்ததும் அடுத்த வலை. இப்படியே முழு உயரத்துக்கும் கட்டி, மண் தன் எடையால் அமிழ்ந்து அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே மூட்டைகளின் முன்னால் கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். கான்கிரீட் சரளை மூட்டைகளோடும் வலையோடும் பிணைந்து இறுகிவிடும். மூட்டையில் உள்ள சரளை நீரை வடிக்கும் வழியாகவும் ஆகிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபூமியோ தத்சுவோகாவும் ஜப்பானிய ரயில்வே ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்களும் வளர்த்தெடுத்த முறை இது. முகப்பை முதலில் நிறுத்தி அதன் பின்னால் மண்ணை நிரப்பினால், மண் அமிழும்போது வலை முகப்போடு சேரும் இடத்தில் இழுபட்டு நையும். வரிசையை மாற்றியதால் அந்தச் சிக்கலே எழவில்லை.

இனி நிலம் குலுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். அடித்தளம் ஒரு பக்கமாக விருட்டென்று இழுபடும்போது மேலே இருக்கும் மண் உடனே கூட வருவதில்லை. இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் மண்ணின் எடையோடு பக்கவாட்டு விசை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. குலுக்கல் இல்லாதபோது சரிவு உடைவதாக இருந்தால், அதன் அடியிலிருந்து சுமார் 60 டிகிரி சாய்வில் மேலேறும் ஒரு தளத்தில் உடையும். பக்கவாட்டு விசை சேரச் சேர இந்தத் தளம் மேலும் படுத்துக்கொண்டு பின்னால் நீளும். ஆறு மீட்டர் உயரமுள்ள சுவரில் 60 டிகிரித் தளம், உச்சியில் முகப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி வெளிப்படும். அதுவே 45 டிகிரிக்குப் படுத்தால் ஆறு மீட்டர் தள்ளிப் போய்விடும். உடையும் தளத்தைத் தாண்டி அப்பால் இருக்கும் உறுதியான மண்ணில் ஊன்றியிருக்கும் நீளம்தான் வலைக்குப் பிடிமானம். எனவே, அமைதியான காலத்துக்குப் போதுமான வலை, நிலநடுக்கத்தில், அதுவும் உச்சி அடுக்குகளில், குட்டையாகிவிடும். போதாக்குறைக்கு அதிர்வு அடியிலிருந்து மேலே ஏறும்போது வலுக்கவும் செய்கிறது. அதிர்வு மேடைச் சோதனைகளில் மாதிரிச் சரிவுகளின் உச்சி அடிப்பகுதியைவிட அதிகம் குலுங்குவதையும், முகப்பு மேல்பக்கம் அதிகமாக வெளியே தள்ளுவதையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். தனாட்டாவின் 26 செ.மீ., 10 செ.மீ. என்ற இரண்டு எண்களும் இதையேதான் சொல்கின்றன. அங்கே இடநெருக்கடியால் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே நீளத்தில், குட்டையாகவே வலை போட்டிருந்தார்கள். வழக்கப்படி உச்சி அடுக்குகள் சிலவற்றை நீட்டியிருந்தால் சாய்வு இன்னும் குறைந்திருக்கும் என்று தத்சுவோகாவும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் சுட்டிக்காட்டினார்கள்.

பிடிமானத்தைக் குலுக்கல் மீறினாலும் சரிவு ஏன் அப்படியே சரிந்து கொட்டுவதில்லை? 1965இல் நேதன் நியூமார்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் லண்டனில் நிகழ்த்திய ராங்கின் சொற்பொழிவில் இதற்கு ஓர் எளிய விளக்கம் இருக்கிறது. தாம்பாளத்தில் ஒரு சொம்பை வைத்து மெதுவாக இழுத்தால் சொம்பும் கூடவே வரும். வெடுக்கென்று இழுத்தால் கொஞ்சம் வழுக்கும். இழுப்பு தணிந்ததும் வழுக்கலும் நின்றுவிடும். சரிவின் மண்ணும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட முடுக்கம் வரை அது நிலத்தோடு சேர்ந்தே அசைகிறது. அதைத் தாண்டும் நொடிப் பகுதிகளில் மட்டும் சிறிது வழுக்குகிறது. அடுத்த கணமே நிலம் எதிர்ப்பக்கம் திரும்ப, வழுக்கல் நிற்கிறது. இப்படிச் சில செ.மீ. இங்கும் சில செ.மீ. அங்குமாகச் சேர்ந்த கூட்டுத்தொகைதான் கடைசியில் நாம் அளக்கும் நகர்வு. கோபேயில் பலத்த குலுக்கல் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. உச்ச முடுக்கம் வடிவமைப்பு எண்ணைத் தாண்டி நான்கு மடங்கானது உண்மைதான். ஆனால் தாண்டிய நேரம் மிகச் சொற்பம். நிலநடுக்கத்தை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும் விசையாகக் கற்பனை செய்துகொண்டு பாதுகாப்பைக் கணிக்கும் பழைய முறைக்கு இது புரியாது. அந்த முறையின் கண்ணில் தாங்கியது, தாங்காதது என்ற இரண்டே விடைகள்தான் உண்டு.

கனத்த கல் சுவரும் இதே வழியில் நகர்ந்து தப்பலாமே என்று கேட்கத் தோன்றும். சில சமயம் தப்பவும் செய்கிறது. ஆனால் அது முழு விசையையும் தன் அடியின் முன்விளிம்பில் குவித்து நிற்கிறது. சாயத் தொடங்கினால் அந்த விளிம்பில் அழுத்தம் ஏறி நிலம் நசுங்கும், சாய்வு கூடும், கூடிய சாய்வு மேலும் நசுக்கும். இறுக்கிய மண்ணுக்குள் 30 செ.மீ.க்கு ஒன்றாகக் கிடக்கும் வலைகள் விசையை அப்படி ஓரிடத்தில் குவிய விடுவதில்லை. ஒவ்வொரு அடுக்கும் சிறிது நீள்கிறது, உராய்வில் ஆற்றல் கரைகிறது, அதிகம் இழுபட்ட அடுக்கு தன் சுமையின் ஒரு பகுதியை மேலேயும் கீழேயும் உள்ள அடுக்குகளுக்குக் கடத்துகிறது. இதோடு இன்னொரு மறைவான சேமிப்பும் உண்டு. பாலிமரைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். அதனால் வடிவமைப்பில் அதன் பலத்தைப் பெருமளவு குறைத்தே கணக்கிடுகிறார்கள். நிலநடுக்கத்தின் சுமையோ நொடிகளில் வந்து போய்விடுகிறது. அந்த வேகத்தில் இழுபடும் பாலிமர், நீண்டகாலக் கணக்குக்காக ஒதுக்கிவைத்த பலத்தின் பெரும்பகுதியையும் காட்டிவிடுகிறது. வலுவூட்டிய சரிவுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தாங்கியதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. எல்லாம் வடிவமைப்பாளரின் முன்யோசனையால் நடந்ததல்ல.

இங்கே தைவானைக் காட்டி மறுப்பவர்கள் வருவார்கள், வரவும் வேண்டும். 1999 செப்டம்பர் 21 பின்னிரவில் 7.6 அளவில் தாக்கிய சீ-சீ நிலநடுக்கம் சுமார் 2,400 பேரைப் பலிகொண்டது. பூலி நகருக்கு அருகே, தேசிய சீ நான் பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலில், சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காக எழுப்பிய ஜியோகிரிட் சரிவு அன்று சரிந்து விழுந்தது. தைச்சுங் பகுதியில் சிறிய கான்கிரீட் கட்டிகளை முகப்பாக அடுக்கிய வலுவூட்டிய சுவர்கள் சில இடிந்தன. வலுவூட்டிய மண் நிலநடுக்கத்தில் விழாது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவருக்கு இவை போதுமான பதில். ஆனால் விழுந்தவற்றை நெருங்கிப் பார்த்தால் கதை தெளிவாகிறது. இடிந்த கட்டிச் சுவர்களில் வலைகளுக்கு இடையே 80 செ.மீ. வரை இடைவெளி இருந்தது. கட்டிகளின் உயரமோ 20 செ.மீ. அதாவது வலையைத் தொடும் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே மூன்று வரிசைக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா உட்கார்ந்திருந்தன. குலுக்கலில் அவை முன்னால் பிதுங்கின. கட்டி போனதும் பின்னால் இருந்த மண் கொட்டியது. பல்கலைக்கழகச் சரிவில் அந்த இடத்திலேயே தோண்டிய நுண்மண்ணையே நிரப்பியிருந்தார்கள். அத்தகைய மண் சரளை கலந்த மணலைப்போல வலையைப் பிடிக்காது, நீரையும் எளிதில் விடாது. 40 மீட்டர் உயரத்தில், வலைக்குப் பின்னால் இருக்கும் இயற்கை நிலத்தையும் சேர்த்து முழு மலைச்சரிவாகவே கணக்கிட்டாக வேண்டும். வலை போட்ட பகுதி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பின்னாலுள்ள நிலம் நழுவினால் அதையும் சேர்த்தே கொண்டுபோகும். இதே நிலநடுக்கத்தில் சுமார் 100 கி.மீ. நீளத்துக்கு நிலம் கிழிந்து, சில இடங்களில் ஒரு பக்கம் பல மீட்டர் எழும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிளவின் மேலேயே கட்டிய எதையும் எந்த வலையும் காப்பாற்றாது.

எனக்கு இந்த மறுப்பைவிடக் கனமாகத் தெரிவது வேறொன்று. 26 செ.மீ. நகர்ந்த சுவரை வெற்றி என்று எப்படிச் சொல்வது? பாலத்தின் முனையைத் தாங்கும் சுவர் அவ்வளவு நகர்ந்தால் பாலமும் சாலையும் சேரும் இடத்தில் படி விழும். ஆம்புலன்ஸ் போக முடியாது. தண்டவாளத்துக்குச் சில செ.மீ.கூட அதிகம். இது நியாயமான கேள்வி. நகர்வை அளவுகோலாக வைத்தால் மட்டுமே இதற்குப் பதில் சொல்ல முடியும். வயல் நடுவே போகும் சாலையின் கரைக்கு அரை மீட்டர் நகர்வு பொறுக்கக்கூடியது; மருத்துவமனைக்குப் போகும் ஒரே சாலைக்கு அது கூடாது. ஜப்பான் கோபேக்குப் பிறகு சென்ற வழி இதுதான். கட்டமைப்பின் ஆயுளில் எதிர்பார்க்கக்கூடிய நடுத்தர அதிர்வுக்கு ஒரு நிலை, மிக அரிதான பேரதிர்வுக்கு இன்னொரு நிலை என இரண்டாகப் பிரித்தார்கள். முதலாவதில் பழுதே கூடாது. இரண்டாவதில் பழுது வரலாம். ஆனால் இடியக் கூடாது, விரைவில் சீராக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தனாட்டா சுவரை இந்த இரண்டாம் நிலையின் அளவுகோலில் வைத்துத்தான் வெற்றி என்கிறேன். 2011 மார்ச் 11இல் 9.0 அளவில் வந்த தோஹோக்கு நிலநடுக்கத்தில் குலுக்கல் நிமிடக்கணக்கில் நீடித்தது. நியூமார்க் கணக்குப்படி வழுக்கல் சேர்ந்துகொண்டே போக அது ஏற்ற சூழல். அதிலும் இந்த முறையில் கட்டிய ரயில்பாதைச் சுவர்கள் தாக்குப்பிடித்தன.

நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டுக்கு மிக நெருக்கமான ஆபத்து அதில்தான் இருக்கிறது. நிலநடுக்கம் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வருவதில்லை. 2004 அக்டோபர் 20இல் டொகாகே புயல் ஜப்பானில் பெருமழை கொட்டியது. மூன்றே நாளில், 23ஆம் தேதி, நீகாத்தா மாகாணத்தின் சூயெத்சு பகுதியில் நிலம் நடுங்கியது. நனைந்து கனத்திருந்த மலைச்சரிவுகள் ஆயிரக்கணக்கில் சரிந்தன, ரயில் கரைகள் உடைந்து ஓடின. மண்துகள்களின் இடைவெளியில் தேங்கிய நீருக்குக் குலுக்கலின்போது வெளியேற நேரமில்லை. அதன் அழுத்தம் ஏறி துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கும். அவற்றுக்கு இடையிலான உராய்வு போய்விடும். உராய்வு இல்லாவிட்டால் வலைக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிமானமும் இல்லை. அன்று உடைந்த ரயில் கரைகள் சிலவற்றை வலுவூட்டிய மண்ணாகவே, நன்கு இறுக்கி வடிகாலோடு, திரும்பக் கட்டினார்கள். வலை போட்டிருக்கிறோமே, வடிகால் எதற்கு என்று செலவைக் குறைப்பவர்கள் வலையின் பலத்தையும் சேர்த்தே குறைக்கிறார்கள்.

பலத்த நிலநடுக்கம் முழு வேகத்தில் தாக்கிய வலுவூட்டிய சரிவுகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றிலும் நின்றவை பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள் என்ற குறையும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அதிர்வு மேடையில் குலுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் நிஜச் சரிவைவிடப் பல மடங்கு சிறியவை. மேலே அழுத்தும் எடை குறைவாக இருக்கும்போது மண் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைச் சரிசெய்ய மாதிரிகளைச் சுழல்கருவியில் வைத்து எடையைச் செயற்கையாகக் கூட்டிச் சோதிக்கிறார்கள். கோபேக்கு அருகே மிக்கி நகரத்தில் 2005இல் தொடங்கிய மாபெரும் அதிர்வு மேடையில் பெரிய அமைப்புகளையே குலுக்கிப் பார்க்கிறார்கள். இவை எல்லாம் காட்டுவது ஒரே திசையைத்தான்: நெருக்கமான அடுக்கு, உச்சியில் நீளமான வலை, இறுகிய மண் ஆகிய மூன்றும் இருந்தால் நகர்வு குறைகிறது, திடீர் முறிவு அரிதாகிறது. இதுவரை வந்த சான்று இவ்வளவே. நிலநடுக்கக் கணக்கே தேவையில்லை என்று வாதிடுவதற்கு இது போதாது. தைவானின் இடிபாடுகள் அந்த வாதத்தை ஏற்கெனவே முறித்துவிட்டன.

இந்தியாவில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சிக்கிமின் பாக்யோங் விமான நிலைய ஓடுதளத்துக்காக மலைப்பள்ளத்தை நிரப்பி, 70 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள வலுவூட்டிய மண் கட்டமைப்பை எழுப்பியிருக்கிறார்கள். 2011 செப்டம்பர் 18இல் 6.9 அளவுள்ள நிலநடுக்கம் சிக்கிமைத் தாக்கியபோது அந்தப் பணி நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அதிர்வு அபாயம் அவ்வளவு இல்லை. ஆனால் 2002இல் திருத்திய நாட்டின் நிலநடுக்க மண்டல வரைபடம் சென்னையையும் கோவையையும் மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது, 1900 பிப்ரவரியில் கோவைப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்ததும் பதிவாகியிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை மேம்பாலங்களின் இருபுறமும் கான்கிரீட் பலகைகள் பதித்த மண் சுவர்களை நாம் தினமும் கடந்துபோகிறோம். பொறியாளர்கள் ஆர்.இ. வால் என்று சொல்வது அதைத்தான். இங்கே அதிர்வுக் கணக்கு செலவை ஏற்றிவிடும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வது பெரிய வாதம் அல்ல. உச்சியில் மூன்று நான்கு அடுக்குகளை நீட்டுவதற்கு ஆகும் கூடுதல் வலை, மொத்தச் சுவரின் செலவில் சிறு பகுதிதான். ஒப்பந்த ஆவணத்தில் இப்போது பாதுகாப்புக் கெழு (தாங்கும் திறனுக்கும் வரும் சுமைக்கும் உள்ள விகிதம்) என்ற ஒரே எண்ணைக் கேட்கிறோம். அதோடு, எந்த அளவு அதிர்வுக்கு எத்தனை செ.மீ. நகர்வு பொறுக்கலாம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். வலை மண்ணுக்குள் போய்விட்டால் பிறகு அதன் நீளத்தை யாராலும் அளக்க முடியாது. எனவே ஒவ்வொரு அடுக்கையும் மூடும் முன்னரே அளந்து படமெடுத்துக் கோப்பில் சேர்ப்பதும், முகப்பில் நிரந்தரக் குறிகளைப் பதித்து ஆண்டுதோறும் மழைக்குப் பின் அளப்பதும் கட்டாயமாக வேண்டும். அந்த அளவுகள் கையில் இருந்தால்தான், நிலம் குலுங்கிய மறுநாள் காலையில் பாலத்தைத் திறப்பதா மூடுவதா என்று பொறியாளரால் துணிந்து முடிவெடுக்க முடியும்.